பேசாத காதலன்: பியேர் எத்தேயின் திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

பேசத் தயங்கும் காதலனை நகைச்சுவையின் நாயகனாக்குதல் பிரெஞ்சுக் கலைமரபுக்குப் புதியதொன்றன்று. 1860 இல் லபிஷ் மேடைக்களித்த ‘இரு கூச்சக்காரர்’ நாடகத்தை, 1928 இல் ரெனே கிளெயர் பேசாப்படமாக்கினார். அடுத்த சில ஆண்டுகளிற் பேசும்படம் நிலைபெற்றது. உடலசைவாற் கதைகூறும் கலை பின்தள்ளப்பட்டது. அக்கலையைப் பேசும்படத்தினுள்ளேயே மீட்டெடுத்தோருள் பியேர் எத்தே (1928-2016) ஒருவர். அவரது முதலாவது முழுநீளப் படமான ‘லு சூப்பிரான்’ (1962) இவ்வகையில் ஆராயத்தக்கது.

ஓவியராகவும் கோமாளியாகவும் விளங்கிய எத்தே, ஜாக் தத்தியின் ‘என் மாமா’ (1958) படத்திற் பணியாற்றியவர். பின்னர் எழுத்தாளர் ஜான் குளோட் கரியேருடன் இணைந்து அவர் ஆக்கிய ‘இனிய ஆண்டுநிறைவு’ என்னும் குறும்படம் 1963 இல் ஒஸ்கார் விருது பெற்றது.

‘சூப்பிரான்’ என்பது பெருமூச்சைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினடியாகப் பிறந்தது. ஒரு பெண்ணின் அன்பை நாடுபவன் என்பது அதன் பொருள். வானியலில் மூழ்கி அறையினுள் அடைந்துகிடக்கும் இளைஞனை மணம் முடிக்குமாறு தந்தை பணிக்கிறார். வீட்டில் தங்கியிருக்கும் சுவீடன் நாட்டுப் பெண்ணை அவன் முதலில் நாடுகிறான். அவளுக்கோ பிரெஞ்சு மொழி விளங்கவில்லை. பின்னர் தொலைக்காட்சியிற் கண்ட பாடகியொருத்தியிடம் மனதைப் பறிகொடுத்து, அவளது படங்களால் அறையை நிறைக்கிறான். அவளோ அவனை அறியாள். இறுதியில் சுவீடன் பெண்ணையே நாடி வருகிறான்.

பிரெஞ்சுத் திரையுலகைப் ‘புதிய அலை’ ஆட்கொண்டிருந்த அக்காலத்தில், எத்தே மக்ஸ் லிண்டரையும் பஸ்ரர் கீற்றனையும் நோக்கித் திரும்பியது வெறும் பழமை நாட்டமே எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. ஒருத்திக்கு அவன் மொழி விளங்கவில்லை. மற்றவளுக்கு அவன் குரல் எட்டவில்லை. ஆகவே, இப்படத்தின் மௌனம் பழைய பாணியின் போலியன்று. பாத்திரத்தின் நிலையிலிருந்தே அது பிறக்கிறது. இப்படத்துக்கு லூயி தெலுக் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் நாயகனுக்குற்ற மௌனம் படத்துக்கும் நேர்ந்தது. உரிமை தொடர்பான சட்டப் பிணக்கினால் எத்தேயின் படங்கள் நெடுங்காலம் திரையிடப்படாது முடங்கின. 2009 இல் ஆயிரக்கணக்கானோர் அவற்றின் விடுதலை வேண்டி மனுவில் ஒப்பமிட்டனர். 2010 இல் அவை செப்பனிடப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தன. அவ்வேளை எத்தே எண்பது வயதைக் கடந்திருந்தார்.

பரிசு பெற்ற படைப்புங்கூடத் தன் சிறப்பினால் மட்டும் நிலைத்துவிடுவதில்லை. காண்போருக்கு அது கிட்டவேண்டும்; கிட்டாதவிடத்து அதற்காகக் குரல்கொடுப்போர் வேண்டும். பேசாத காதலனின் வரலாறு நமக்குணர்த்துவது இதுவே.