தமிழ்ச் சித்திரக்கதைகளில் யூதப் படைப்பாளர்கள்

தமிழில் சாகசச் சித்திரக்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு மாண்ட்ரேக், முகமூடி வீரர் மாயாவி, ஸ்பைடர் ஆகிய மூவரும் நெருக்கமானவர்கள். முதல் இருவரைப் படைத்தவரும், ஸ்பைடரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவரும் அமெரிக்க யூதர்கள்.

லீ ஃபால்க் (1911–1999) செயின்ட் லூயிஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். மாண்ட்ரேக்கை 1934இலும் மாயாவியை 1936இலும் தொடங்கினார். உடலோடு ஒட்டிய உடை, முகமூடி, பரம்பரைச் சபதம் எல்லாம் சூப்பர்மேனுக்கு முன்பே மாயாவியிடம் இருந்தன. கதைப்படி 1536இல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கிய மாலுமியே முதல் மாயாவி. இந்தியாவில் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் மாயாவியைப் பரப்பியது. தமிழில் முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அவரை வாசகரிடம் சேர்த்தன.

அமெரிக்கக் காமிக்ஸ் துறையில் யூதர் இவ்வளவு பேர் திரண்டதற்குக் காரணம் வறுமையும் பாகுபாடும். விளம்பர நிறுவனங்களும் மதிப்புமிக்க சஞ்சிகைகளும் யூத ஓவியர்களுக்கு எளிதில் இடம் தரவில்லை. மட்டமான தொழில் என்று பிறர் ஒதுக்கிய மலிவுக் காமிக்ஸ் இதழ்களோ ஆள் தேடின. பிறந்த கோளான கிரிப்டனில் சூப்பர்மேனுக்கு இருந்த பெயரான கல்-எல்லில் எபிரேயச் சாயலைக் காண்போர் உண்டு. படைப்பாளர்கள் அதை எண்ணியே வைத்தார்கள் என்று சொல்ல அந்த ஒலி மட்டும் போதாது. கப்டன் அமெரிக்காவைப் படைத்த யூதர்களின் நோக்கத்திலோ ஐயத்துக்கு இடமில்லை. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்த அவ்வீரன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். 1941 மார்ச் எனத் தேதியிட்ட அந்த இதழ் வந்தபோது அமெரிக்கா போரில் இறங்கவில்லை.

சூப்பர்மேனைப் படைத்த, கிளீவ்லாந்தில் வாழ்ந்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1938இல் சூப்பர்மேன் உரிமையை 130 டொலருக்குக் கொடுத்துவிட்டனர். பாத்திரம் கோடிகளை ஈட்டியது. இருவரும் வழக்காடித் தோற்றனர். 1960களின் நடுவில் சீகலுக்குச் சூப்பர்மேன் கதைகள் எழுதும் வேலையும் பறிபோனது. அப்போது பிரித்தானிய வார இதழொன்றுக்கு அவர் எழுதிய தொடரே ஸ்பைடர். குற்றவுலகின் அரசனாக வேண்டுமென்று புறப்பட்டு, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடும் அந்த விசித்திர நாயகனை டெட் கோவனும் ஓவியர் ரெக் பன்னும் உருவாக்கியிருந்தனர். சீகல் அவனுக்கு மேலும் மேலும் கற்பனை மிகுந்த எதிரிகளைக் கொடுத்தார்.

சிவகாசியில் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஸ்பைடர் தமிழ் பேசினான். ஹெலிகாரும் வலைத் துப்பாக்கியும் தமிழ்ச் சிறுவர்களுக்கு மனப்பாடமாயின. அன்றைய பிரித்தானிய இதழ்களில் எழுத்தாளர் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லாததால், சூப்பர்மேனை ஈன்ற கைதான் இதையும் எழுதியது என்று அவர்களில் மிகச் சிலரே அறிந்தனர். இந்த மறதி சீகலுக்கு இழைக்கப்பட்ட இன்னொரு அநீதி.

சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிவந்த வேளையில் சீகல் பகிரங்கமாக முறையிட்டார். அதன்பின், 1975இல், அவருக்கும் ஷஸ்டருக்கும் ஓய்வூதியம் கிடைத்தது. சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயர்களும் மீண்டும் அச்சேறின.