திருவண்ணாமலை மாவட்டம்: நிலமும் நீரும் பிழைப்பும்

திருவண்ணாமலை மாவட்டம் தமிழ்நாட்டின் வடபகுதியில், ஜவ்வாது மலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் வறண்ட செம்மண் நாடு. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்து 1989 செப்டம்பர் 30 அன்று உருவாக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 6,190 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 24,64,875. அதில் நூற்றுக்கு எண்பது பேர் கிராமத்தார். தலைநகர் கோயில் நகரம் என்பதால் கார்த்திகைத் தீபத்தையும் பௌர்ணமிக் கிரிவலத்தையும் அறியாதவர் இல்லை. கிரிவலப் பாதையைத் தாண்டி நான்கு கல் போனால் தொடங்கும் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லைகளை அறிந்தவர்கள் குறைவு. மாவட்டத்துக்குச் சோறு போடுபவை அந்தக் கொல்லைகள்தான்.

நிலமும் நீரும்

ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் பங்கு உண்டு. கணக்கில் பார்த்தால் இது குறைந்த மழை அல்ல. ஆனால் செம்மண்ணுக்கு அடியில் கிடப்பது கடினப் பாறை. வெடிப்புகளில் தங்கும் நீரைத் தவிர அது எதையும் சேர்த்து வைப்பதில்லை. அதனால்தான் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஊர் ஏரிக்கு நீர் போகும். கால்வாயில் மண் மேடிட்டாலோ யாரேனும் வீடு கட்டிவிட்டாலோ கீழே உள்ள ஏரிகள் எல்லாம் காயும். இன்று பல ஊர்களில் நடப்பது இதுவே.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு செங்கம், போளூர், செய்யாறு வட்டங்களைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான மலைபடுகடாம் இதே ஆற்றங்கரையை, குறுநில மன்னன் நன்னனின் செங்கண்மாவைப் பாடியது. அந்த ஊரே இன்றைய செங்கம். எள், தினை, அவரை, வரகு என அந்நூல் காட்டும் பயிர்கள் மானாவாரி நிலத்துக்கு உரியவை. செங்கம் வட்டாரத்து நடுகற்களோ ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் சொல்கின்றன. ஆடுமாடுதான் அன்று இங்கு பெருஞ்செல்வம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மேற்கே செங்கம் கணவாய் வழியாக மைசூர்ப் படைகள் சமவெளிக்கு இறங்கின. 1767 செப்டம்பரில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் போர்கள் நடந்தன.

தெற்கே தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் இதிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய நாள் அண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்ததில் ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

மல்லாட்டை

நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்ற சொல் மக்கள் வாயில் தேய்ந்து வந்த வடிவம் அது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கடலை போனது முதல், ஆர்க்காட்டுப் புன்செய் நிலத்தின் பணப்பயிர் இதுவே.

ஆனி, ஆடி மழையில் விதைப்பார்கள். ஊடே துவரை, காராமணி, ஓரத்தில் ஆமணக்கு. பூத்த பிறகு காம்பு ஊசிபோல் நீண்டு மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும். அந்த நேரத்தில் மண் இளகியிருக்க வேண்டும். ஜிப்சம் இட்டு மண் அணைப்பது அதற்குத்தான். பிடுங்கும்போது மழை இல்லையென்றால் நிலம் இறுகிக் காய் உள்ளேயே அறுந்து தங்கும். மழை விடாமல் பெய்தால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும். ஆக, நூறு நாள் பயிரில் இரண்டு மூன்று மழைகள் சரியான வாரத்தில் பெய்வதைப் பொறுத்தது ஒரு குடும்பத்தின் ஆண்டு. காய் ஆய்வது பெரும்பாலும் பெண்களின் வேலை. கொடி மாட்டுக்கு, பிண்ணாக்கும் மாட்டுக்கு. எதுவும் வீண் போவதில்லை.

நெல்லும் கரும்பும் கிணற்றை நம்பியவை. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மின்மோட்டார் வந்தபோது நெல் பரப்பு பெருகியது. பசுமைப் புரட்சி உண்மையில் என்ன செய்தது என்று அறிய கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் பி. எச். ஃபார்மர் குழு 1970-களில் இலங்கையோடு சேர்த்து ஆராய்ந்தது வட ஆர்க்காட்டுக் கிராமங்களைத்தான். நிலத்தடி நீர்தான் எல்லை என்பதை அன்றே கண்டவர்கள் அவர்கள். அதன்பின் கிணறுகள் ஆழமாயின. ஆழ்துளைக் கிணறு போட்டும் நீர் இல்லாத ஊர்க்காரர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள்.

மலையும் தறியும் ஆலையும்

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையூர்களில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கிறார்கள். பலா, புளி, தேன் கீழே சந்தைக்கு வருகின்றன. ஆரணி பட்டுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வந்தவாசியில் கோரைப்பாய் நெய்கிறார்கள். ஜடேரி நாமக்கட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்யாறு சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலையில் பல்லாயிரம் பெண்கள் வேலை செய்கிறார்கள். விடியும்முன் ஊர் ஊராக வரும் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் செல்கின்றன. கையில் மாதச் சம்பளம் என்பது இந்தக் கிராமங்களுக்குப் பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதே சிப்காட்டின் விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்றுவட்டாரத்தில் நிலம் எடுக்க முற்பட்டபோது 2023-இல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். ஏழு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்தபின் ஆறு பேர் மீதான நடவடிக்கையை அரசு திரும்பப் பெற்றது. விவசாயிகள் விட மறுத்தது ஏரிப் பாசனமும் கிணறும் உள்ள, போகம் தவறாத நிலம்.