புகைப்படத்தின் மேல் தூரிகை

புகைப்படத்தை ஓவியமாக்கும் ஆசை கணினியோடு பிறந்ததன்று. 1890களில் பாரிசில் ரொபேர் தெமாஷி, பிசினும் நிறமியும் பூசிய தாளில் படத்தைப் பதித்து, ஒளிபட்டு இறுகாத பூச்சை நீரும் தூரிகையும் கொண்டு நீக்கினார். எதை அழிப்பது, எதை விடுவது என்பதைக் கையே தீர்மானித்தது.

1990இல் பால் ஹேபர்லி வெளியிட்ட முறையிலும் கைக்கு இடமிருந்தது. சுட்டி நகரும் இடத்து நிறத்தைப் புகைப்படத்திலிருந்து எடுத்துத் தீற்றலாக வைத்தது அவரது நிரல். 1998இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் அந்த வேலையைக் கணினியிடமே விட்டார். பெரிய தூரிகையில் தொடங்கும் அது, மூலப்படத்தோடு வேறுபாடு மிகுந்த இடங்களில் மட்டும் சிறியதை எடுக்கும். அழகான யோசனைதான், ஆனால் வேறுபாடு மிகுந்த இடமெல்லாம் முக்கியமான இடமாகிவிடுமா?

படமெடுப்பதை அறியாமல், மடியில் தலைசாய்த்த நாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதியவரின் படமொன்று எங்களிடம் உண்டு. அதை இத்தகைய மென்பொருளொன்றில் இட்டுப் பார்த்தோம். கட்டம்போட்ட போர்வை அத்தனை நுணுக்கத்தோடும் வந்தது. நாயின் கருவிழியிலிருந்த ஒளிப்புள்ளி ரோமத்தோடு கரைந்துபோனது. கண்ணை மட்டும் மூலப்படத்திலிருந்து மீட்டு, ரோமம் படிந்த திசையிலேயே தீற்றல்களை நாங்களே இழுத்தோம். ஒரு மாலை முழுவதும் அதற்கே போயிற்று.