கமார்க்: உப்பும் அரிசியும் சில மறதிகளும்

பிரான்சின் தெற்கே றோன் நதி இரண்டாகப் பிரிந்து மத்தியதரைக் கடலில் விழும் இடம் கமார்க். சதுப்பு, உவர்நிலம், வக்கரேஸ் வாவி, வெண்குதிரைகள், கரிய மாடுகள், பூநாரைகள். 1927இல் இங்கு காப்பிடம் நிறுவப்பட்டது. 1977இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. மனிதக்கை படாத இயற்கை என்று இதனை விற்கிறார்கள். இந்தச் சொற்றொடரோடுதான் எனக்குத் தகராறு.

1856இன் பெருவெள்ளத்திற்குப் பிறகு நதிக்கும் கடலுக்கும் அணை கட்டப்பட்டது. அன்றுமுதல் இங்கு நீர் தானாக வருவதில்லை. மதகும் பம்பும் கொண்டுவருகின்றன. நெல்லுக்கு நன்னீர் வேண்டும், உப்பளத்திற்குக் கடல்நீர் வேண்டும், மீனவருக்கு இரண்டும் அளவோடு வேண்டும். மதகின் சாவி யாரிடம் என்பதே இந்த நிலத்தின் அரசியல். பூநாரைகள்கூடப் பல பத்தாண்டுகளாக முட்டையிட்டது உப்பளத்து நீர்நிலையொன்றில், 1970இல் மனிதர் கட்டிக்கொடுத்த தீவில்தான்! வெண்குதிரை வீரனின் 'தொன்மையான' கமார்க்கும் பெருமளவு மார்க்கி பரொன்செல்லி என்ற பிரபு இருபதாம் நூற்றாண்டில் கட்டமைத்த புனைவே.

இந்தப் புனைவில் இடம் கிடைக்காதவர்கள் இருவகையினர்.

முதலாவது, உப்பள இத்தாலியர். எக்மோர்த் நகரின் உப்பளத்தில் பருவகால வேலைக்கு வந்தவர்கள். கூலி துண்டுக்கணக்கில், வேகமாக அள்ளுபவனை மெதுவாக அள்ளுபவன் வெறுப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. (எங்கள் தொழிற்சாலையிலும் இதே கணக்குத்தான்.) 1893 ஆகஸ்ட் 16இல் கைகலப்பு மூண்டது. இத்தாலியர் ஊரவரைக் கொன்றுவிட்டார்கள் என்ற பொய் வதந்தி பரவியது. மறுநாள் கும்பல் தடிகளுடன் அவர்களை வேட்டையாடியது. அரசின் கணக்கில் எட்டுப் பேர் இறந்தனர். அதே ஆண்டின் இறுதியில் அங்குலேம் நீதிமன்றத்தில் ஜூரி அனைவரையும் விடுதலை செய்தது. யாழ்ப்பாணத்தில் நான் பிரெஞ்சுப் புரட்சியை ஆண்டாண்டாகக் கற்பித்தவன். எக்மோர்த் என்ற பெயரை இங்கு வந்த பிறகே கேள்விப்பட்டேன்.

இரண்டாமவர் வியட்நாமியர். 1939-40இல் ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் கட்டாயத்தின் பேரில், போர்த் தொழிற்சாலைகளுக்கெனக் கப்பலேற்றப்பட்டனர். மார்செய்யில் இறங்கியவர்களுக்குக் கிடைத்த முதற் கூரை, அப்போதுதான் கட்டப்பட்டிருந்த ஒரு சிறைச்சாலை. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. திரும்பிப்போகக் கப்பல் இல்லை. கிழக்கிலிருந்து வந்த அரிசியும் நின்றுபோயிற்று. கமார்க்கில் அதற்கு முன்பு நெல் விதைத்தது பெரும்பாலும் மண்ணின் உப்பைக் கழுவுவதற்கே. அதை உண்ணத்தகுந்த பயிராக்கத் தெரிந்தவர்கள் இந்த விவசாயி மக்கள்தான். அவர்களில் சில நூறு பேரை இங்கு அனுப்பினார்கள். நிலவுடைமையாளர் கொடுத்த கூலி அரசின் கைக்குப் போனது. சேற்றில் நின்றவனுக்கு எட்டியது அதில் ஒரு துளி. போருக்குப் பிறகும் பலர் ஆண்டுக்கணக்கில் முகாம்களிலேயே கிடந்து, 1952 வரையில் மெல்லமெல்லத் திருப்பியனுப்பப்பட்டனர்.

அரிசி மட்டும் தங்கிவிட்டது. கமார்க் அரிசிக்கு 2000இல் ஐரோப்பியப் புவிசார் முத்திரையும் கிடைத்தது. நாட்டவனின் பயிர் நாட்டுப்பொருளாகிறது, நட்டவன் அந்நியனாகவே போய்ச்சேருகிறான்.

ஆர்ல் நகரசபைக்குட்பட்ட சலன் த ஜிறோ கிராமத்தில் 2014 ஒக்டோபரில் இந்தத் தொழிலாளருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதனை வடித்தவர் ஓவியர் லெபதாங். 1939இல் அதே தொழிலாளருள் ஒருவராகக் கப்பலில் வந்தவர். திறப்பின்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனார்.