கரும்புத் தீவில் கண்ட கறுப்புப் பொன்



கடல் கடந்து தோட்ட வேலைக்குப் போன நம் இந்திய மக்களைப் பற்றிப் பேசும்போது, மலாயா, இலங்கை, பர்மா, பிஜி என்று நாம் வரிசையாகச் சொல்வோம். அந்த வரிசையில் பலரும் மறந்துவிடும் பெயர் டிரினிடாட். தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகரையை ஒட்டிக் கிடக்கும் சின்னஞ்சிறு தீவு அது. பக்கத்திலுள்ள டொபேகோவையும் சேர்த்தால்கூட அந்நாட்டின் பரப்பு 5,128 சதுரக் கிலோமீட்டர்தான். நம் பேராக் மாநிலத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

1845-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் 'பத்தேல் ரசாக்' என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அதிலிருந்து இறங்கினர். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், அதை மீறினால் சிறை. 1917 வரையில் ஏறக்குறைய 1,44,000 பேர் இவ்வாறு சென்றனர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம்மவர் ஒரு சிறு பகுதியினர்.

இந்த மக்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த மண்ணுக்கு அடியில் என்ன இருந்தது? அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

டிரினிடாட்டின் தென்மேற்கில் லா பிரே என்ற ஊர் இருக்கிறது. அங்கே தண்ணீருக்குப் பதிலாகத் தார் நிரம்பிய ஏரி ஒன்று உண்டு. அதன் பரப்பு சுமார் 100 ஏக்கர். மனிதர் அதன்மேல் நடக்கலாம். வெட்டி எடுத்த குழியோ மெல்ல மெல்லத் தானே நிரம்பிவிடும். 1595-இல் அங்கு வந்த ஆங்கில மாலுமி சர் வால்டர் ராலே, இந்தத் தாரைக் கொண்டு தம் கப்பல்களின் இடுக்குகளை அடைத்தார். பூமிக்கு அடியில் எண்ணெய் உண்டு என்பதற்கு இந்த ஏரியே முதல் அடையாளம்.

1857-இல் அதன் அருகே ஒரு கிணறு தோண்டப்பட்டது. 1860-களில் வால்டர் டார்வெண்ட் என்பவர் துளையிட்டு எண்ணெய் கண்டார். ஆனால் காய்ச்சல் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. வாணிக அளவில் உற்பத்தி தொடங்கியது 1908-இல். அக்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. ஆகவே கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. 1938-இல் பிரிட்டிஷ் பேரரசு எடுத்த எண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இந்தச் சின்னத் தீவிலிருந்து கிடைத்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

எண்ணெய் பொங்கியது. ஆனால் அதை எடுத்தவன் வீட்டில் அடுப்புப் பொங்கியதா?

இல்லை. விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. ஒரு கம்பெனி விலக்கிய ஆளை மற்றொரு கம்பெனி சேர்த்துக்கொள்ளாதபடி பதிவேடு வைத்திருந்தனர். ஆபத்துக்கும் குறைவில்லை. 1928-ஆம் ஆண்டு டிசம்பரில் பைசாபாத் அருகே ஒரு கிணறு வெடித்துத் தீப்பற்றியதில் 16 பேர் மாண்டனர். பைசாபாத் என்பது வட இந்திய ஊரின் பெயர். குடியேறிய இந்தியர்களின் நினைவாக நிலைத்துவிட்ட பெயர்.

எண்ணெய் வயலில் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் வேலை செய்தனர். கரும்புத் தோட்டத்தில் இந்தியர்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் நம்பாமல் இருந்தது முதலாளிகளுக்கு வசதியாயிற்று.

1937 ஜூன் 19-ஆம் நாள் பைசாபாத் எண்ணெய் வயலில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் தலைவர் யூரையா பட்லர். கிரெனடா தீவில் பிறந்தவர். எண்ணெய் வயலில் வேலை செய்து காலில் காயம்பட்டவர். கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த அவரைக் கைது செய்யக் காவலர்கள் வந்ததும் கலவரம் மூண்டது. உயிர்கள் பலியாயின. வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது.

பட்லர் தலைமறைவானார். தொழிலாளர்கள் ஒரு வழக்கறிஞரிடம் போனார்கள். அவர் பெயர் ஏட்ரியன் கோலா ரியென்சி. இயற்பெயர் கிருஷ்ணா தியோநரைன். ஆம், இந்திய வம்சாவளியினர். அவ்வாண்டே எண்ணெய் வயல் தொழிற்சங்கத்துக்கும் கரும்புத் தோட்டத் தொழிற்சங்கத்துக்கும் அவரே முதல் தலைவரானார். இனம் இரண்டு, தொழில் இரண்டு, ஆனால் தலைவர் ஒருவர்! நான்கு ஆண்டுகள் கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத்தில் நம் பால்மரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் மானத்துக்காகவும் எழுந்து நின்றதை நாம் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஜூன் 19 இன்று டிரினிடாட்டில் தொழிலாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

1962-இல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1970-களின் தொடக்கத்தில் கிழக்குக் கடலில் எண்ணெயும் இயற்கை வாயுவும் கிடைத்தன. 1973-இல் உலக எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. 1974-இல், நம் நாட்டில் பெட்ரோனாஸ் தோன்றிய அதே ஆண்டில், டிரினிடாட் அரசும் ஷெல் நிறுவனத்தின் சொத்துகளை வாங்கித் தனக்கென ஓர் எண்ணெய் நிறுவனம் அமைத்தது.

வளம் வந்தது, பங்கு எங்கே என்று தொழிலாளர்கள் கேட்டனர். 1975 மார்ச் 18-இல் எண்ணெய்த் தொழிலாளர்களும் கரும்புத் தொழிலாளர்களும் சான் பெர்னாண்டோ நகரில் ஒன்றாக ஊர்வலம் போயினர். காவலர்கள் கண்ணீர்ப் புகை வீசிக் கலைத்தனர். அந்த நாளை 'இரத்தச் செவ்வாய்' என்று அம்மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இயற்கை வாயுவை என்ன செய்தார்கள்? முன்பெல்லாம் எண்ணெயோடு வெளிவந்த வாயுவில் பெரும் பங்கை வீணாக எரித்துவிட்டனர். பிறகு பாயிண்ட் லீசாஸ் என்ற இடத்தில் ஆலைகள் எழுந்தன. அங்கே வாயுவிலிருந்து அமோனியாவும், அதிலிருந்து யூரியா உரமும் செய்தனர். நம் தோட்டங்களில் மரத்தடியில் தூவும் வெள்ளை உரம் இத்தகையதுதான். 1999 முதல் வாயுவைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் அனுப்பினர். அவ்வாறு செய்தால் 600 பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சரவாக்கின் பிந்துலுவில் 1983-லேயே இந்த ஏற்றுமதி தொடங்கியதை நாம் அறிவோம்.

ஆனால் எண்ணெய்ப் பணம் ஆற்று வெள்ளம் போன்றது. 1980-களில் விலை சரிந்தது. 1989-இல் அரசு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டப்பட்டது. அடிபட்ட பிறகே பாடம் விளங்கிற்று. 2007-இல் நல்ல காலத்து வருவாயில் ஒரு பகுதியை எடுத்துவைக்கத் தனி நிதி ஒன்றைச் சட்டத்தால் அமைத்தனர். 2004-இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் வந்தது. வருவாய் குறைந்தபோது அது சுருக்கப்பட்டது.

கரும்பு என்னவாயிற்று? 2003-இல் அரசின் கரும்பு நிறுவனம் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2018-இல் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் மூடப்பட்டது. முதலில் கரும்புக்காரனுக்கு வந்தது, பிறகு எண்ணெய்க்காரனுக்கும் வந்தது.

நேயர்களே, மண்ணுக்கு அடியில் கிடப்பது ஒருநாள் தீர்ந்துவிடும். மண்ணின்மேல் விளைவதற்கும் விலை ஏறும், இறங்கும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் நாம் பட்டதும் இதுவே. தீராமல் நின்றவை இரண்டு. ஒன்று, பிள்ளைகள் கற்ற கல்வி. மற்றொன்று, இனம் பாராமல் சேர்ந்து நின்ற ஒற்றுமை. டிரினிடாட்டில் கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான பாஸ்தேவ் பாண்டே 1995-இல் அந்நாட்டின் பிரதமராகவும் ஆனார். 1975-இல் அந்த ஊர்வலத்தை நடத்திய தலைவர்களுள் அவரும் ஒருவர்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் உலகப் படத்தைக் கொடுத்து, அந்தத் தீவைத் தேடச் சொல்லுங்கள். சிறு புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அங்கேயும் நம்மைப் போன்றவர்களின் வியர்வை விழுந்திருக்கிறது.