மிதவைப் படகு

மிதவைப் படகு என்பது நீண்ட உருளை வடிவிலான இரண்டு அல்லது மூன்று மிதவைகளின் மேல் தட்டையான தளம் அமைத்துக் கட்டப்படும் படகு ஆகும். குடும்பத்தினர் உல்லாசப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கும் விசைப்படகுகளில் இதுவும், 'வி' வடிவ அடிப்பகுதி கொண்ட ஒற்றை உடற்படகும் குறிப்பிடத்தக்கவை.

வரலாறு

1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அம்புரோசு வீர்சு என்பவர் எஃகுப் பீப்பாய்களின் மேல் மரத்தளம் பொருத்தி இத்தகைய படகை உருவாக்கினார். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தை மாத முழுநிலவு நாளில் மீனாட்சி சுந்தரேசுவரர் உலா வரும் தெப்பமும் ஏறத்தாழ இதே அமைப்பினதே. ஆயினும் அதற்கு விசைப்பொறி இல்லை. கரையில் நிற்போர் வடம் பிடித்து இழுப்பர்.

ஒப்பீடு

மிதவைகள் விலகி நிற்பதால் இப்படகு பக்கவாட்டில் எளிதில் சாய்வதில்லை. ஆழம் குறைந்த நீரிலும் செல்லும். முதியோரும் குழந்தைகளும் ஏறி இறங்குவதும் எளிது. ஆனால் பேரலைகளில் இது தடுமாறும். 'வி' வடிவப் படகு அலையைக் கிழித்துக்கொண்டு விரைந்து செல்லும்; நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கு ஏற்றது. நின்றிருக்கும்போது ஆட்டம் மிகுதி. மதுரைச் சமவெளியின் ஆழமற்ற கண்மாய்களைப் போன்ற அமைதியான நீர்நிலைகளுக்கு மிதவைப் படகே பொருந்தும்.

நிலைத்தன்மை

இச்சமவெளிக்குப் பாசன நீர் தரும் பெரியாறு நீர்த்தேக்கத்தில், தேக்கடியில், 2009 செப்டம்பர் 30 அன்று 'சலகன்யகா' என்னும் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறம் திரண்டது காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. மேல்தளத்தில் ஆட்கள் கூடும்போது படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. அந்நிலையில் சிறிய சாய்வும் பேராபத்தாகும். மிதவைப் படகுக்கும் வரம்பு உண்டு. முன்புறத்தில் பலர் நெருங்கி நின்றால் முகப்பு நீரில் அமிழும்.