கல்லாவுக்கு இந்தப் பக்கம்

வணிக வரலாறு என்று எடுத்தால் கப்பல், துறைமுகம், நாணயம், சுங்கம் எல்லாம் வந்துவிடும். கடைக்குள் சரக்கை எப்படி வைத்தார்கள், வாங்க வந்தவர் எதுவரை வரலாம், எதைத் தொடலாம் என்பது மட்டும் விட்டுப்போகும். செங்கல்பட்டுப் பக்கத்தை மனதில் வைத்து அதைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் இவை.

பழைய சான்று வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்து மதுரைக்குப் போகலாம். பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நாலு வகைப் பொன். எது எங்கே என்று குழம்பாமல் இருக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு ரேக்குக்கு மேலே தொங்குகிற பெயர்ப்பலகை செய்யும் வேலைதான் இது. துணிக்கடைத் தெருவில் பருத்தி, பட்டு எல்லாம் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக இருக்கின்றன. கூல வீதியில் மிளகு மூட்டை மூட்டையாக. துணிக்கு அடுக்கு, தானியத்துக்கு மூட்டை என்ற கணக்கு அன்றைக்கே முடிந்துபோன விஷயம். பழைய மளிகைக் கடையிலும் நாம் பார்த்தது அதைத்தானே!

அந்த மளிகைக் கடையின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முன்னால் வாயைச் சுருட்டிவிட்ட அரிசி, பருப்பு மூட்டைகள். அதை ஒட்டி ஒரு பலகை, மேலே தொங்கும் தராசு, பக்கத்தில் கல்லாப்பெட்டி. பின்சுவர் முழுக்கத் தட்டுகள்; அதில் டின், டப்பா, சோப்பு. கைக்கு எட்டும் உயரத்தில் தினம் போகிற சரக்கு, உச்சியில் எப்போதாவது யாராவது கேட்பது. எது எங்கே இருக்கிறது என்பது கடைக்காரர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். என் தொழில் பாஷையில் சொன்னால் இண்டெக்ஸ் முழுக்க அவரிடம். நாம் கேள்வி மட்டும் கேட்கலாம். பொருள், எடை, விலை, கடன் நோட்டு எல்லாமே பலகைக்கு அந்தப் பக்கம்.

இந்தப் பலகை யார் வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவதற்கு மூலம் அதுதான். அதை நிலத்தின் வரலாறாகத்தான் எல்லோரும் படிக்கிறோம். ஆனால் நிலமில்லாமல், கூலியை நெல்லாக வாங்கியவர்களுக்குக் கடை என்பதே தூரத்து விஷயம். கையில் காசு வந்த பிறகும் கடை வாசலில் வேறு வேலி இருந்தது. காசைக் கீழே வைக்கச் சொல்வது, அதில் தண்ணீர் தெளித்து எடுப்பது, பொட்டலத்தைக் கையில் தராமல் தூக்கிப் போடுவது. தமிழ்நாட்டு ஊர்களில் இதையெல்லாம் பட்டவர்கள் வாயாலேயே கேட்கலாம். பலகை அதற்காக உண்டானது என்று நான் சொல்லவில்லை. திருட்டுக்கும் தூசிக்கும் பயந்து வைத்ததாகவே இருக்கட்டும். ஆனால் தீண்டாமைக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924இல் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்றது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டிலேயே முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. (தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். தி.நகர் பாண்டி பஜாரின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நாம் இன்னும் "செட்டியார் கடை", "நாடார் கடை" என்றுதான் வழி சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது வேற.) அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு கடை என்ற சொல்லையே போட்டு, யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், சரக்கு விற்க மறுப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறானா, தூக்கிப் போடுகிறானா என்று பார்க்க எந்தச் சட்டம் பலகை ஓரத்தில் வந்து நிற்கும்?

பலகையை எடுத்தவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916 செப்டம்பரில் பிக்லி விக்லி கடையைத் திறந்தார். ஒவ்வொரு பொருளிலும் விலை, வாடிக்கையாளர் தானே எடுக்கும் தட்டுகள், கடைசியில் பணம் கட்டும் இடம். உள்ளே போனால் கடை முழுக்கச் சுற்றித்தான் வெளியே வர முடியும். 1917இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆள் கூலியை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம். அந்த மெம்பிஸிலேயே அப்போது நிறவெறி தலைவிரித்தாடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் பக்கம் அது வருவதற்கு முன்னால் சரக்கு பொட்டலமாக வேண்டியிருந்தது. மூட்டையில் இருக்கும் பருப்பை யாரும் தானே எடுத்துக்கொள்ள முடியாதே. 1977இன் பொட்டலப் பொருள் விதிகள் எடை, விலை, தயாரித்தவர் பெயர் மூன்றையும் உறைமேல் அச்சடிக்கச் சொன்னது. ஆள் பார்த்து விலை சொல்வது அங்கே கொஞ்சம் அடிபட்டது. அடுத்தது கடலூர்க்காரர்கள் பிரபலமாக்கிய ஷாம்பு சாஷே. 1983இல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு எல்லோருக்கும் தெரியும். பின்சுவர்த் தட்டில் அது நிற்காது; சரமாகக் கடை முகப்பில், நம் மூக்குக்கு நேராகத் தொங்கும். பலகையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த முதல் சரக்குகளில் அதையும் சேர்ப்பேன். 1996இல் சென்னையில் ஃபுட்வேர்ல்ட் வந்தது. பிறகு ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துக்கொண்டு தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு வரை தட்டுக் கடைகள் நீண்டன.

அங்கே யாரும் யாருக்கும் தூக்கிப் போடுவதில்லை. ஒரே கூடை, ஒரே வரிசை, ஒரே பில். இதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை. கேமரா, வாசலில் பில் பார்க்கும் காவலர், பையை வெளியே வைக்கச் சொல்வது எல்லாம் அதோடு வந்தன. யார் பின்னால் கடை ஊழியர் கொஞ்சம் நெருக்கமாக நடக்கிறார் என்று கவனித்தால் பழைய பலகை எங்கே போனது என்று தெரியும்.

இதே மாவட்டத்தின் கடற்கரைப் பக்கம் போனால் கதை தலைகீழ். மாமல்லபுரம் கல் சிற்பக் கடைகளில் பலகையே கிடையாது. பிள்ளையார், புத்தர், நந்தி எல்லாம் ரோட்டோரம் வெயிலில் நிற்கும். முன் மேசையில் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி சின்ன மாக்கல் சாமான்கள். யாரும் தடவிப் பார்க்கலாம். 2017இல் இந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் விலைச்சீட்டைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. அது வேண்டுமென்றால் அரசின் பூம்புகார் விற்பனையகத்துக்குப் போக வேண்டும். ரோட்டோரக் கடையில் வந்தவர் காலில் என்ன செருப்பு, எந்த ஊர்ப் பேச்சு, எந்த வண்டியில் இறங்கினார் என்று பார்த்த பிறகுதான் வாயிலிருந்து விலை வரும்.